என் சாவு வீட்டுக்கு நான் சுமந்த கதிரைகள்

புதிதாக ஒரு விசயம் தெரிந்தால் அதைக் கொஞ்சம் ஆறவிட்டுத்தான் மற்றவர்களுக்கு ஊற்ற வேண்டும். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. கேள்விப்பட்ட சூட்டோடு ஊற்றி, கேட்டவர் வாயையும் என் கையையும் சேர்த்துச் சுட்டுவிடுவேன். அப்படி ஊற்றியதில் ஒரு தடவை செத்தே போனேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளான எங்கள் மேட்டு லயத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். (லயத்துச் சனம் இதை மறந்துவிடக் கூடாதே என்று பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் நானே ஞாபகப்படுத்துவேன்.) முதலாம் வருடம் முடிவதற்குள் கெம்பஸில் ஊழியர், மாணவர் எல்லோருக்கும் ஒரு காப்புறுதித் திட்டம் கொண்டுவந்தார்கள். அதற்குப் பொறுப்பாக அலுவலகத்தில் இருந்தவர் குகதாசன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைக்காரர், ஒரு வார்த்தை பேசினால் அடுத்ததை யோசித்துவிட்டுப் பேசுகிறவர். அவர் மண்டபத்தில் திட்டத்தை விளக்கியபோது மாணவர்களில் பாதிப் பேர் தூங்கினார்கள். நான் முன்வரிசையில் குறிப்பெடுத்தேன். போதாததற்குக் கேள்வியும் கேட்டேன்.

"சேர், கொழுந்து மலையில குளவி கொட்டினா அது எக்சிடென்டா, நோய் வருத்தமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நல்ல கேள்வி பிள்ளை" என்றார். பதிலுக்கு வராமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். எனக்கு அந்தப் பாராட்டே போதுமாக இருந்தது. அந்த நிமிடத்தில் இலங்கையின் காப்புறுதித் துறை என்னை நம்பித்தான் இருக்கிறது என்று முடிவெடுத்துவிட்டேன்.

படிவத்தில் பெற்றோர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அடுப்படியில் வைத்து "அம்மா, இங்க ஒரு கையெழுத்து" என்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பார்கள். நான் சனிக்கிழமை பின்னேரம் பீலியடியில், குடத்தோடு நின்ற பெண்கள் அத்தனை பேரையும் கூட்டி வைத்து விரிவுரை நடத்தினேன்.

"ஒரு கண்ணு போனா பாதிக் காசும்மா. ரெண்டு கண்ணும் போனா முழுக்காசு. ஒரு கையும் ஒரு காலும் போனாலும் முழுக்காசுதான்."

அம்மா குடத்தை இறக்கி வைத்தாள். "ரெண்டு கண்ணும் போறதுக்கா ஒன்ன நான் அனுப்பி வச்சேன்?"

"போகாதும்மா. போனா."

"ஏன் போகணும்?"

இந்த இடத்தில்தான் என் அறிவு என்னைக் கவிழ்த்தது. லயத்துக்குப் புரிகிற மாதிரி ஓர் உதாரணம் வேண்டும் என்று தேடினேன். "இது நம்ம சாவு சங்கம் மாதிரிதான். ஆனா ரொம்பப் பெரிசு" என்றேன்.

எங்கள் தோட்டத்தின் மரண உதவிச் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதாமாதம் வீட்டுக்கு வீடு சந்தா. யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் உட்காரக் கதிரை, நிழலுக்குத் தறப்பாள், தேத்தண்ணி, சாப்பிடப் பாண், தப்பு மேளம் அடிக்கிற ஆட்கள் எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. தலைவர் சுப்பையா மாமா. தொழிற்சாலையில் வேலை. உயிர் போன செய்தி கடைசி லயத்தை எட்டுமுன் தறப்பாள் ஏறியிருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதில் அவர் ஒருநாளும் தோற்றதில்லை. ஆகவே சாவு சங்கம் என்றால் எங்கள் சனத்துக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். அதில் பணம் வருகிறது என்றால் ஆள் போய்விட்டது.

அம்மா அன்றிரவு என்னோடு பேசவில்லை. அப்பாவோடு பேசினாள். "புள்ளைய சேத்த கையோட சாவு சங்கத்துலயும் சேக்குறாங்கன்னா அது என்ன எடம்? படிச்சது போதும். வேற ஏதாச்சும் வேல பாக்கட்டும்."

அப்பா அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு அவர் பேசிய மொத்தமும் இதுதான்: "ஞாயித்துக்கெழம அந்தப் பெரியவர கூட்டிட்டு வா புள்ள. அவரு வந்து ஒங்கம்மாவுக்குச் சொல்லட்டும். சரின்னா படி. இல்லாட்டி பேக்க எடுத்துக்கிட்டு வந்துரு."

அதாவது என் பட்டம், என் எதிர்காலம், விடுதியில் நான் சண்டை போட்டு வாங்கிய ஜன்னலோரக் கட்டில், எல்லாம் குகதாசன் சேரின் நாக்கில் தொங்கின.

திங்கட்கிழமை அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். லயத்தில் நூறு பேர் காப்புறுதி பற்றிக் கேட்கத் துடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். (துடித்தது அம்மா மட்டும்தான். அதுவும் வேறு காரணத்துக்கு.) அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "ஞாயிறு ஊருக்குப் போறன் பிள்ளை. வியாழன் லீவு எடுக்கிறன். மோட்டார் சைக்கிளில வாறன்" என்றார்.

வியாழன் என்று வீட்டுக்குச் சொல்ல வழியில்லை. லயத்தில் இருந்த ஒரே கைத்தொலைபேசி மலையுச்சியில் ஏறி நின்றால்தான் உயிர்பெறும். அவரோடு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போவது அதைவிட மோசம். அந்தச் சேதத்தை எந்தக் காப்புறுதியும் ஈடுசெய்யாது, கல்யாணம்தான் செய்ய வேண்டும். ஆகவே திட்டம் தெளிவாக இருந்தது. நான் காலைப் பஸ்ஸில் முன்னால் போய் வீட்டில் சொல்லிவிடுவேன். சேர் ஆற அமரப் பின்னால் வருவார்.

காலையில் பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் எனக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. (என் வாழ்க்கையின் எல்லா அழிவுகளும் இந்த வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கின்றன.) நூறு பேருக்கும் துண்டுப் பிரசுரம் கொடுத்தால் என்ன? பதுளைக் கடையொன்றில் போட்டோக்கொப்பி எடுக்க நின்றேன். மெசினில் பேப்பர் சிக்கியது. எடுத்து முடித்து ஓடி வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் வருவதற்குள் குகதாசன் சேர் எங்கள் லயத்து வாசலில் இறங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் பார்த்தவர்கள் அத்தனை பேரும் இத்தனை வருடமாக நடித்துக் காட்டுவதால், நான் அங்கே இல்லாத குறையே தெரிவதில்லை.

எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரம். பக்கத்துக் காம்பரா செல்லம்மா சித்திதான் பிள்ளை பெற்று வீட்டில் இருந்தாள். வந்து நின்ற சேருக்கு வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கையில் காகிதக் கோவை, முகத்தில் இயல்பான சோகம். (அவருக்குப் பிறவியிலேயே அப்படி முகம்.)

"ஈஸ்வரியின்ர வீடு இதுதானே? நான் கெம்பஸில இருந்து வாறன். காப்புறுதி விசயம். அப்பா அம்மா வரட்டும், அவையிட்ட நேரில சொன்னாத்தான் நல்லம்."

செல்லம்மா சித்தி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு மலைப்பக்கம் ஓடினாள். காப்புறுதியில் இவ்வளவு ஆர்வமா என்று சேர் வியந்தாராம்.

கொஞ்ச நேரத்தில் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அழ ஆரம்பித்தார்கள். இங்கேதான் சேரின் நல்ல குணம் எல்லாவற்றையும் கெடுத்தது. அட, இந்த லயத்தில் யாரோ செத்துப்போயிருக்கிறார்கள், நான் நேரம் தெரியாமல் வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். சாவு வீட்டில் காப்புறுதி பேசலாமா? கோவையைப் பைக்குள் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டார். செய்தி கொண்டுவந்த மனுசனிடம் தோண்டித் தோண்டிக் கேட்பது மரியாதை இல்லை என்று எங்கள் சனமும் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். அவர் வாங்கிக் குடித்தார். இரண்டு தரப்பாரும் பண்பாட்டில் போட்டி போட்டுக்கொண்டு என்னைச் சாகடித்தார்கள்.

அம்மா கொழுந்துக் கூடையை மலையிலேயே எறிந்துவிட்டு ஓடி வந்து வாசலில் விழுந்தபோது, அவர் எழுந்து கைகூப்பி, "அம்மா, மனசைத் தேத்திக்கொள்ளுங்கோ" என்றார். முடிந்தது. இனி அதைவிடச் சாட்சி வேண்டுமா?

இது எதுவும் தெரியாமல் நான் தெருவில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வழியெல்லாம் வெள்ளைக் கொடி. மேலே தப்புச் சத்தம். தோட்டத்தின் கீழ்ப் பிரிவிலிருந்து ஒருவர் கதிரைகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறினார்.

"யாருங்க தவறினது?"

"தெரியலம்மா. மேட்டு லயத்துல யாரோ. தலைவரு தூக்கச் சொன்னாரு, தூக்குறேன்."

எனக்கு மனசு பதறியது. உதவி என்று வந்தால் நான் சும்மா நிற்கமாட்டேன். போட்டோக்கொப்பிக் கட்டை இடுப்பில் சொருகிக்கொண்டு, கையொன்றுக்கு ஒரு கதிரை என்று தூக்கிக்கொண்டு நானும் ஏறினேன். யாராக இருக்கும் என்று ஒவ்வொரு படியிலும் ஒவ்வொருவரை நினைத்து அழுதேன். லயத்தில் என்னைத் தவிர எல்லோரையும் அழுது முடித்துவிட்டேன். வாசல் திரும்பும்போது அம்மாவின் ஒப்பாரி கேட்டது.

"கண்ணுக்கு ஒரு வெல சொன்னே,
காலுக்கு ஒரு வெல சொன்னே,
கண்ணான எம்புள்ளைக்கு
எவன் வந்து வெல சொல்வான்..."

அட, இது என்னுடைய பீலியடி விரிவுரை ஆயிற்றே. அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது.

"அம்மா" என்றேன். கதிரைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

அழுகை நின்றது. தப்பு நின்றது. யாரோ ஒருவர் மட்டும் கவனிக்காமல் இன்னும் இரண்டு அடி அடித்தார். அம்மா எழுந்து வந்தாள். என் முகத்தைத் தடவினாள். கையைத் தடவினாள். இரண்டு கண்ணும் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்து, அதாலேயே என்னை விளாசினாள். விளாசிவிட்டுக் கட்டிப்பிடித்து அழுதாள். இந்த அழுகை முந்தியதைவிடச் சத்தமாக இருந்ததாகச் சங்கத்தார் சொல்கிறார்கள்.

சுப்பையா மாமா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். "அப்ப யாருதான் செத்தது?"

குகதாசன் சேர் தலையை நிமிர்த்தினார். "நானும் அப்பவே இருந்து அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

தறப்பாள் ஏறியாயிற்று. தேத்தண்ணி கொதித்தாயிற்று. மூன்று லயத்துச் சனமும் கதிரையில் உட்கார்ந்தாயிற்று. இவ்வளவு பேரை இனி எப்போது கூட்டுவது? அப்பாதான், "சேர், வந்த விசயத்தச் சொல்லிருங்க" என்றார். சேர் எழுந்து நின்று, என் சாவு வீட்டில், என் காப்புறுதியை விளக்கினார். நான் கண்ணீரும் மூக்குச்சளியுமாகத் துண்டுப் பிரசுரம் விநியோகித்தேன்.

சுப்பையா மாமா குறுக்கே கேட்டார். "ஒங்க சங்கத்துல கதிர உண்டுங்களா?"

"இல்லை. காசு மட்டும்தான்."

"தப்பு?"

"இல்லை ஐயா."

"காசு எவ்வளவு நேரத்துல வரும்?"

"எல்லாப் பத்திரமும் சரியா இருந்தா மூண்டு மாசத்துக்குள்ள..."

மாமா சபையைத் திரும்பிப் பார்த்தார். தலைக்கு மேலே தறப்பாள் காற்றில் பெருமையாக அடித்துக்கொண்டது.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பாடம் சொல்லிக் குடுக்கிற பெரியவங்களுக்கும் இதேதானா, இல்ல எங்க புள்ளைங்க கண்ணுக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்தான் அம்மா. எனக்கும் இருக்கு. நான் செத்தா காசு எடுக்க என்ர மனிசியின்ர பேர் போட்டிருக்கிறன். ஆஸ்பத்திரியில படுத்தாலும் காசு தருவினம். சாகத்தான் வேணும் எண்டில்லை."

"இத மொதல்ல சொல்லிருக்கலாம்ல" என்று அம்மா என்னைத்தான் பார்த்தாள். பீலியடியில் நான் கண்ணிலும் காலிலும் நின்றுவிட்டேன், ஆஸ்பத்திரிப் பகுதிக்கு வரவே இல்லை.

பிறகு அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "உசுரோட இருக்கிற புள்ளைய செத்ததா நெனச்சு அழுதாச்சு. அழுத புள்ளைக்கு ஆயுசு கெட்டி. இனிமே அவளுக்கு ஒண்ணும் வராது. எங்க கையெழுத்துப் போடணும், காட்டுங்க."

அவள் நம்பிக் கையெழுத்துப் போட்டது தன் ஒப்பாரியை. கெம்பஸ் திட்டத்துக்கு அதில் பங்கே இல்லை. எனக்கென்ன, ஜன்னலோரக் கட்டில் தப்பியது.

சங்கம் மட்டும் அவ்வளவு லேசில் விடவில்லை. பாணும் சீனியும் தேயிலையும் செலவாகியிருக்கின்றன, தப்புக்காரர்களுக்குக் கொடுத்தாயிற்று. அடுத்த கூட்டத்தில் சுப்பையா மாமா தீர்ப்புச் சொன்னார். "ஒரு ஆளுக்கு ஒரு தடவதான். ஈஸ்வரி பங்கு முடிஞ்சுருச்சு." அந்தத் தீர்மானம் இன்றுவரை மாற்றப்படவில்லை. காய்ச்சலில் முனகினால்கூட வீட்டில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "சும்மா இரு, ஒனக்கெல்லாம் பங்கு இல்ல" என்பார்கள்.

இப்போது நானே ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறேன். எனக்கு ஊழியர் காப்புறுதி. கல்யாணமான வருடம், நான் செத்தால் பணம் யாருக்கு என்ற கட்டத்தில் கணவர் பெயரை எழுதப்போகிறேன் என்று அம்மாவுக்குப் போனில் சொன்னேன்.

"எம் பேரையே போடு" என்றாள் அம்மா. "மாப்ளைக்கு என்னா தெரியும் பாவம். எனக்குன்னா ஏற்கனவே பழக்கம் இருக்கு."