ரெண்டு ரஜாயும் ஒரு கொள்கையும்

உலகத்துத் துன்பங்களுக்கெல்லாம் காரணம் சாமான்கள்தான் என்று ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞானம் பிறந்தது. மூக்குக் கண்ணாடியைத் தேடி எல்லா டப்பாவையும் திறந்து, கடைசியில் அரிசி டின்னுக்குள் கண்டெடுத்த நேரம்.

"அருக்காணி! இன்னைலேர்ந்து நம்ம ஊட்டுல எளிய வாழ்க்கை!"

"இப்ப என்னங்க, அரமணையிலயா வாழ்றோம்?"

கோயமுத்தூரிலிருந்து டெல்லிக்கு மாற்றலாகி வந்து இரண்டே மாதம். ராமகிருஷ்ணபுரத்தில் ஓர் அறை சர்க்கார் குவார்ட்டர்ஸ். அதில் சட்டம் போட்டேன். ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கயிற்றுக் கட்டில். கட்டில்கள் எதிரெதிர்ச் சுவரோரம். நடுவில் வெற்றிடம். வெற்றிடம் இருந்தால் மனசுக்கு அமைதி.

"சரீங்க" என்றாள் என் மனைவி. எங்கள் பக்கத்துப் பெண்கள் 'சரீங்க' சொன்னால் ஆண்பிள்ளை உஷாராக வேண்டும். நான் ஆகவில்லை.

அடுத்து ரஜாய்கள். முன்பு இந்த வீட்டில் இருந்த சேஷு மெட்ராஸ் போகும்போது விட்டுச் சென்ற இரண்டு பஞ்சுப் போர்வைகள். மூலையில் எருமைக் கன்றுகள் மாதிரி படுத்துக் கிடந்தன. வெளியே அனல் காற்று.

"இந்த ஊரே அடுப்பு. அடுப்புக்கு ஆராச்சும் போர்வை போத்துவாங்களா? ஆருக்காச்சும் குடுத்துரு!"

"மார்கழில எலும்பே நடுங்குமுன்னு எதுத்த ஊட்டு பஞ்சாபி அக்கா சொன்னாங்க..."

"அவங்க இந்தி உனக்குப் புரிஞ்சுதாக்கும்? இந்திப் பரீட்ச பாஸ் பண்ணுனது நானா, நீயா?"

"நீங்கதானுங்க. சரீங்க, அந்த அக்காகிட்டயே குடுத்தர்றனுங்க."

உள்ளதைச் சொல்ல வேண்டும். எளிய வாழ்க்கை சுகமாகவே இருந்தது. தேட ஒன்றுமில்லை, துடைக்க ஒன்றுமில்லை. சாயங்காலம் வெறும் தரையில் தண்ணீர் தெளித்து உட்கார்ந்து பேசினோம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் பேசாததையெல்லாம் பேசினோம்.

"நீங்க ஆபீஸ் போனா எனக்கு இந்த ஊர்ல தமிழ்ல பேச ஆளில்லீங்க. கட்டிலையாவது பக்கத்துல போட்டுக்கலாமுங்களா?"

"கொள்கைன்னா கொள்கைதான்!"

"சரீங்க."

டிசம்பர் வந்தது. சட்டை மேல் சட்டை போட்டேன். அதன் மேல் துண்டு. அதன் மேல் ஆபீஸ் கோட்டு. பல் தந்தியடித்தது. எதிர்வீட்டு அக்கா பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரில் அருக்காணி சௌக்கியமாக இருந்தாள்.

"குளுருதுங்களா?"

"கொ-கொ-கொள்கைக்குக் குளுராது!"

மூன்றாம் நாள் கொள்கைக்கு ஜலதோஷம் பிடித்தது.

"அருக்காணி... அந்த ரஜாயத் திருப்பிக் கேட்டா அக்கா தப்பா நெனைப்பாங்களா?"

விடுவிடுவென்று எதிர்வீட்டுக்குப் போனாள். ஒரு மலையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அகலமான, புத்தம் புதிய உறை போட்ட ரஜாய்.

"ரெண்டு குடுத்தமே?"

"ஐப்பசில பஞ்சடிக்கறவரு அவரு வில்லு நரம்பத் தட்டிக்கிட்டுத் தெருவுல வந்தாருங்க. ரெண்டையும் பிரிச்சு, பஞ்ச அடிச்சு, ஒண்ணாத் தெச்சு வாங்கி, அக்கா ஊட்டுலயே வெச்சிருந்தனுங்க. எளிய வாழ்க்கைங்களே, ரெண்டெதுக்கு?"

"கட்டில் அங்கொண்ணும் இங்கொண்ணுமா கெடக்குதே?"

"அது உங்க கொள்கைங்க. நா என்னங்க சொல்றது?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே நானே என் கட்டிலை இழுத்து அவள் கட்டிலோடு சேர்த்துப் போட்டேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். டெல்லிக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் கேட்டேன். வெற்றிடம் போயிற்று. மனசின் அமைதி மட்டும் போகவில்லை. இதை முன்பே செய்திருக்கலாம் என்று தோன்றியது.

காலையில் கண் விழித்தேன். ரஜாய் முழுவதும் அவள் மேல் இருந்தது. எளிய வாழ்க்கை முழுவதும் என் மேல் இருந்தது.