மனு சாரும் அவருடைய பயங்களும்

புதுச்சேரியில் இதுவரை பிறந்த பயந்தாங்கொள்ளிகள் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், முதல் ஆளாக மனு சார்தான் நிற்க வேண்டும். நிற்க மாட்டார். முதலில் நிற்பதற்குப் பயந்து, நைசாகப் பின்னால் போய்விடுவார்.

நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜை அவருடையது. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், இன்னும் எனக்கு அங்கேதான் சம்பளம். அவருடைய மேஜை மட்டும் சுவரை விட்டுக் கோணலாகக் கிடக்கும். மின்விசிறி கழன்று விழுந்தால் தன் தலையில் விழாத இடம் எது என்று கணக்குப் பார்த்துப் போட்டிருந்தார். லிஃப்டில் ஏற மாட்டார். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது வீட்டுக்கு வெளியே வந்துவிடுவார் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார். கடலோரத்து ஊரில் பிறந்த மனிதர், கடற்கரைச் சாலையில் நடக்க நேர்ந்தால் கடலுக்கு எதிர்ப்பக்க நடைபாதையில், சுவரை ஒட்டித்தான் நடப்பார்.

வீடு அரியாங்குப்பம். பஸ் கிடைக்காத நாட்களில் என் பைக்கில் கொண்டுபோய் விடுவேன். பின்னால் உட்கார்ந்ததும் என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு செபத்தை ஆரம்பிப்பார். ஆற்றுப் பாலம் வந்தால் சத்தம் கூடும். பாலம் முடிந்து "ஆமென்" என்று அவர் சொன்ன பிறகுதான் என் முதுகுக்கு ரத்த ஓட்டமே திரும்பும். ஒருநாள் போக்குவரத்துக் காவலர் வண்டியை மறித்தார். நான் ஏதோ சமாளித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து மனு சார், வண்டிக்கு இன்ஷூரன்ஸ் முடிந்து நாலு மாதம் ஆகிறது என்று அவராகவே தகவல் கொடுத்தார். ஏன் சார் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோமோ என்று பயம் வந்துவிட்டதாம். அந்த மாதம் முழுக்க அவரிடம் நான் பேசவில்லை.

மனு சார் என்பது நாங்கள் வைத்த பெயர். காரணம் இருக்கிறது. முப்பது வருடம் அரசுக் கடிதம் எழுதிய கைக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை. தன் பயங்களை ஒவ்வொன்றாக ஆண்டவருக்கு மனுவாக எழுதுவார். பழைய காகிதத்தின் வெற்றுப் பக்கத்தில், முறைப்படி அனுப்புநர், பெறுநர் எல்லாம் போட்டு எழுதுவார். ஒருநாள் மேஜையில் விட்டுப்போன தாளை நான் படித்துவிட்டேன்.

'பொருள்: எதிர்வீட்டு நாய் - அதன் மீது எனக்குள்ள பயம் - நீக்கித் தரக் கோருதல் - தொடர்பாக.

பார்வை: கடந்த செவ்வாயன்று இதே பொருள் குறித்து நான் செய்த செபம்.'

நினைவூட்டல் கடிதம்! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. கீழே பணிவன்புடன் கையெழுத்து வேறு.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த மாதா கோயிலுக்குப் போவார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எதிரில் மேலதிகாரி இருப்பதுபோல மெல்லப் படித்துக் காட்டுவார். பிறகு நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்புவார். போனபோது வேர்த்து வழிந்த முகம், வரும்போது தெளிந்திருக்கும். அது மட்டும் எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

பதில் ஏதாவது வந்ததா சார் என்று ஒருமுறை கிண்டலாகக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நாய் அங்கயேதான் இருக்குது தம்பி. பயமும் இருக்குது. ஆனா சொல்லிட்டு வந்தா, அது என்கூட மட்டும் இருக்கற மாதிரி இல்ல. அவருக்கும் தெரியும்ல, அது போதும்."

எனக்கு அப்போது புரியவில்லை. மூலக்குளத்தில் எங்கள் தெருப் பிள்ளையாரிடம் நான் பாஸாக வேண்டும், வேலை வேண்டும் என்று கேட்டிருக்கிறேனே தவிர, பயமாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. சாமியிடம்கூட வீறாப்பு காட்டுகிற ஜாதி நான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த எங்கள் பிழைப்பில் ஒரு ஃபைல் காணாமல் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எங்கள் சூப்பரின்டெண்ட் அந்த ஃபைலைத் தன் சாப்பாட்டுப் பைக்குள் நுழைத்து எடுத்துக்கொண்டு போனார். ஃபைலை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அறையில் இருந்த இரண்டு பேர் அதைப் பார்த்தோம். ஒருவர் மனு சார், இன்னொருவன் நான். திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து ஃபைலைக் கேட்டபோது, அவர் எங்கேயோ வைத்து மறந்திருந்தார். அதை ஒப்புக்கொள்வாரா? பெருக்குகிற தனம்தான் குப்பைக் காகிதத்தோடு சேர்த்துப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டது என்று எழுதிவிட்டார்.

தனம் வைத்திக்குப்பத்துப் பெண். எங்கள் அலுவலகத்தில் பத்து வருடமாகத் தற்காலிக வேலை. அந்த வருடம்தான் நிரந்தரமாக்கும் பட்டியலில் பெயர் வந்திருந்தது. விசாரணையில் குற்றம் என்று முடிவானால் பட்டியலும் போச்சு, வேலையும் போச்சு. வராந்தாவில் துடைப்பத்தைப் பிடித்தபடி உட்கார்ந்து, அழக்கூடத் தோன்றாமல் விழித்துக்கொண்டிருந்தது.

சூப்பரின்டெண்ட் எங்கள் இருவரையும் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். ஒன்றும் பார்க்கவில்லை என்று சொன்னால் போதும் என்றார். பிறகு, ஏனாமில் ஒரு இடம் காலியாக இருக்கிறதாம், யாரை அனுப்புவது என்று கேட்டிருக்கிறார்கள் என்றார். புதுச்சேரி அரசு ஊழியனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. காரைக்கால் என்றால் பெருமூச்சு விட்டுவிட்டுப் போவோம். ஏனாமும் எங்கள் அரசைச் சேர்ந்த ஊர்தான், ஆனால் எங்கேயோ ஆந்திரத்துக்குள் கோதாவரிக் கரையில் இருக்கிறது. மனு சார் டீயைக் கீழே சிந்தினார்.

மறுநாள் மூன்று மணிக்கு விசாரணை. மத்தியானம் அவர் கோயிலுக்குக் கிளம்பியபோது, என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்துகொள்ளும் பதற்றத்தில் நானும் பின்னால் போனேன். தூண் மறைவில் நின்றேன். அன்றைக்கு அவர் கையில் தாள் இல்லை. முழங்காலில் இருந்தார். உதடு மட்டும் அசைந்தது. வெகுநேரம் கழித்து எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

விசாரணை அதிகாரி முதலில் என்னைக் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, வெள்ளிக்கிழமை எதையும் கவனிக்கவில்லை ஐயா என்றேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது.

அடுத்து மனு சார். எழுந்து நிற்பதற்கே நாற்காலியைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"ஐயா, எனக்கு ரொம்பப் பயமா இருக்குது. அதனால கொஞ்சம் வேகமா சொல்லிடறேன்" என்றார். அறையில் ஒருவர் சிரித்தார். "அந்த ஃபைலை வெள்ளிக்கிழமை சாயங்காலம் சூப்பரின்டெண்ட் சார்தான் சாப்பாட்டுப் பையில வச்சு எடுத்துக்கினு போனாரு. என் கண்ணால பாத்தேன். தனம் அன்னைக்கு நாலு மணிக்கே கிளம்பிடுச்சு. அது மேல தப்பு இல்ல. அவ்ளோதான் ஐயா."

சொல்லி முடித்ததும், நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே உட்கார்ந்தார். தரையில்தான் உட்கார்ந்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஃபைல், சூப்பரின்டெண்ட் வீட்டு அலமாரியில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் கிடைத்தது. தனத்தின் வேலை தப்பியது. சூப்பரின்டெண்டுக்கு ஒரு மெமோ. மனு சாருக்கு இரண்டே வாரத்தில் ஏனாம்.

வழியனுப்பக் காலையில் பேருந்து நிலையத்துக்குப் போனேன். தனம் எனக்கு முன்னாலேயே வறுத்த வஞ்சிரத்தோடு வந்திருந்தது. எல்லா முள்ளையும் எடுத்துவிட்டேன், பயப்படாமல் சாப்பிடுங்கள் சார் என்று சொல்லிப் பொட்டலத்தை அவர் மடியில் வைத்தது. அவர் ஜன்னலோரம் உட்காராமல் உள்பக்கம் உட்கார்ந்திருந்தார். தெலுங்கு தெரியாதே, ஆற்றில் வெள்ளம் வருமாமே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பஸ் கிளம்பப்போகிற நேரத்தில்தான் எனக்கு வாய் வந்தது. சார், நானும் பார்த்தேன், ஆனால் சொல்லவில்லை என்றேன்.

"தெரியும் தம்பி" என்றார் அவர். "அன்னைக்குக் கோயில்ல உங்க பேரையும் சொன்னேன். அந்தத் தம்பிக்கும் என்ன மாதிரியே பயம், வெளிய தெரியாது, அவர் மேல கோவிச்சுக்காதீங்க, அவர்கூடவும் இருங்கன்னு கேட்டுக்கினேன்."

பஸ் நகர்ந்துவிட்டது. தனம் மட்டும் பஸ் திரும்பும்வரை கையைக் காட்டிக்கொண்டு நின்றது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஏனாமிலிருந்து போன் செய்வார். கோதாவரியில் தண்ணீர் ஏறுகிறது என்பார். வீட்டுச் சொந்தக்காரர் ஒரு நாய் வேறு வாங்கியிருக்கிறார், ரொம்பப் பயமாக இருக்கிறது தம்பி என்பார். அந்தக் குரலைக் கேட்டால்தான் எனக்குத் தைரியம் வருகிறது.