வணக்கம் சொல்லாத பிளாஸ்டிக்

என் அறிவின்மீது எனக்கு அபார நம்பிக்கை இருந்த காலம் ஒன்று உண்டு. அரியலூரிலிருந்து பஸ் பிடித்து ஜெயங்கொண்டத்துக்குப் பெண் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமையோடு அது ஒழிந்தது.

2006-ஆம் வருஷம். நான் ஆராய்ச்சி மாணவன். வெளிச்சம் பட்டால் வளைகிற பிளாஸ்டிக் தாள்தான் என் வேலை. கண்ணாடியை வெல்வெட் துணியால் ஒரே திசையில் தேய்த்து, அதன்மேல் தாளை உருவாக்க வேண்டும். தேய்த்த திசையிலேயே மூலக்கூறுகள் வரிசைகட்டிப் படுக்கும். அந்தத் திசையிலேயே நறுக்கினால், ஊதா வெளிச்சத்தைப் பார்த்துத் தாள் அழகாகக் குனியும். (இதற்கா நாலு வருஷம் என்று கேட்காதீர்கள். பெண்ணின் அப்பாவும் அதைத்தான் கேட்டார்.)

அவர் முந்திரி வியாபாரி. "முப்பது வயசாவப் போவுது, இன்னும் படிச்சிக்கிட்டே இருக்கீங்களாமே தம்பி?" என்றார். கூட வந்திருந்த என் அம்மாவின் முகம் சுருங்கியது. ஏற்கெனவே ஆறு வீட்டில் இதே கேள்வியில்தான் பேச்சு நின்றிருந்தது. எனக்கோ இந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. காபி கொடுத்துவிட்டுக் கதவோரமாகவே நின்றாள்.

"இதைப் பாருங்க மாமா," என்று தாளையும் ஊதா டார்ச்சையும் எடுத்தேன். (மாமாவாம்! இன்னும் பஜ்ஜிகூட வரவில்லை.) "லைட் அடிச்சா உங்களுக்குக் குனிஞ்சு வணக்கம் சொல்லும்."

அடித்தேன். தாள் குனியவில்லை. விறுக்கென்று முறுக்கிக்கொண்டது.

பார்க்க நீளமாக இருக்கட்டுமே என்று முந்தின நாள் அதை மூலைக்கு மூலை நறுக்கியிருந்தேன், மடையன்! திசைக்குக் கோணலாக வெட்டினால் முறுக்கத்தான் செய்யும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற பாடம்.

"என்ன தம்பி, பேச்சு முடியறதுக்குள்ளயே மாப்பிள்ளை முறுக்கு வந்துடுச்சு?" என்றார் அவர். கூடமே சிரித்தது. அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவமானத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அது திரும்ப நேராவுங்களா?" கதவோரத்திலிருந்து பெண் கேட்டாள்.

"ஆவுங்க. சாதா வெளிச்சத்துல கொஞ்ச நேரம் வெச்சா தானா நேராயிடும்."

அவள் அப்பாவிடம் திரும்பினாள். "அப்ப பரவால்லப்பா."

அந்தப் 'பரவால்ல'யில்தான் இன்றுவரை குடும்பம் நடக்கிறது. நான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்தால் அவள் சமாதானமெல்லாம் செய்வதில்லை. மகளைக் கூப்பிடுவாள்.

"ஏடி, உங்கப்பா முறுக்கிக்கிட்டாரு. ஜன்னலோரமா உக்கார வையி, தானா நேராயிடுவாரு."