ஆறாம் துளையில் மாமனார்

இனி இந்த வீட்டில் எனக்கென்று ஓர் அறை இருக்கும். இல்லாவிட்டால் நான் இருக்க மாட்டேன். ஒரு திங்கட்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே இந்தச் சபதத்தை எடுத்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் மனைவிக்குக் கேட்கவில்லை. ஒரு விதத்தில் நல்லதுதான்.

எங்கள் வீட்டில் காலியாக இருப்பது ஒரே அறை. மாமனார் இருந்த பின்னறை. அவர் காலமாகி எட்டு மாதம் ஆகிறது. அவருடைய மேசை, கம்ப்யூட்டர், சுழல்நாற்காலி எல்லாம் அப்படியே கிடக்கின்றன. அந்த அறை மனைவிக்கும் வேண்டுமாம். ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். படுக்கையறை மூலையில், இஸ்திரிக்குக் காத்திருக்கும் துணிமலை அடிவாரத்தில் உட்கார்ந்து அல்ஜீப்ரா நடத்துகிறாள், பாவம். நானோ நெட்வொர்க் டெக்னீஷியன். எனக்கு ஒரு பட்டறை வேண்டாமா?

"அப்பா ரூம்ல கை வைக்காதீங்க. அவரு இன்னும் அங்க இருக்கிற மாதிரியே இருக்கு எனக்கு."

"அவரு போயாச்சும்மா. சந்தேகம்னா ஸ்விட்சைக் கேட்டுப் பாரு."

விளக்குப் போடுகிற ஸ்விட்ச் அல்ல. வீட்டுக் கம்ப்யூட்டர் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் எட்டுத் துளைப் பெட்டி. என் ஆபீசில் கழித்துக் கட்டியதைக் கெஞ்சி வாங்கி வந்து மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

"யாரு எந்த ரூம்ல இருக்காங்கன்னு இதுக்கு யாரும் சொல்லித் தரல," என்று ஆரம்பித்தேன். "ஒருத்தன் பேசினா, எந்தத் துளை வழியா வந்துதுன்னு பார்த்து அவன் நம்பரைப் பட்டியல்ல எழுதிக்கும். அப்புறம் அவனுக்கு வர்ற சேதியை அந்தத் துளைக்கு மட்டும் அனுப்பும்."

"தெரியாத ஆளுக்கு சேதி வந்தா?"

"எல்லாக் கதவையும் தட்டும். உரியவன் பதில் சொன்னா அவனையும் எழுதிக்கும். ஆனா அஞ்சு நிமிஷம் வாயே திறக்கலைன்னா பேரை அடிச்சிடும். உங்கப்பா பேரை எப்பவோ அடிச்சாச்சு!"

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் சபதம் எடுத்தவன் பின்வாங்கலாமா? பின்னறைச் சாவியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் அவள் வெளியே போன சமயம் உள்ளே நுழைந்து, மாமனாரின் நாற்காலியில் உட்கார்ந்து ஜம்மென்று இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை மாலை நாலு மணி. வெளியே நல்ல வெயில். மாடிப்படிக்குக் கீழே ஆறாம் துளையின் பச்சை விளக்கு மினுங்கியது. எட்டு மாதமாக இருண்டு கிடந்த விளக்கு. ஆறு என்பது பின்னறை.

லேப்டாப்பில் பட்டியலைத் திறந்தேன். மாமனாரின் நம்பர். அதற்கு நேரே ஆறு.

சாவி பையில் இருந்தும் கதவைத் திறக்கத் தைரியம் வரவில்லை. பின்பக்கம் சுற்றிப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. பிளக் தரையில் கிடந்தது. கீபோர்டில் படிந்த தூசி கலையவே இல்லை. திரும்பி வந்தால் விளக்கு இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. அஞ்சு நிமிஷமாயிற்று, பத்தாயிற்று, பட்டியலில் இருந்து அவர் போகவில்லை. யாரிடமோ விடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமையும் அதே நாலு மணி. வெள்ளிக்கிழமை, விளக்கு மினுங்க ஆரம்பித்த சற்று நேரத்தில், ஹாலில் இருந்த பிரிண்டர் தானாக உறுமியது. ஒரே ஒரு தாள் வந்து விழுந்தது.

'மாப்பிள்ளை, என் நாற்காலியில் உட்காராதீர்கள்.'

நான் உட்கார்ந்தது ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. தாளைச் சுக்குநூறாகக் கிழித்தேன். அந்த நேரம் பார்த்து மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"என்னங்க, இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"ஆறாம் துளையில... உங்கப்பா பேசுறாரு."

"பேரை அடிச்சாச்சுன்னு சொன்னீங்க?"

"திரும்ப எழுதியிருக்கும்மா!"

அவள் ஒரு நிமிடம் பின்னறைக் கதவையே பார்த்தாள். "உங்களுக்குப் பயமா இருந்தா சாவியைக் கொடுங்க. நானே அங்க உட்கார்ந்து கிளாஸ் எடுத்துக்கறேன். அப்பாவுக்கும் துணையா இருக்கும்."

இரண்டு கையாலும் கொடுத்தேன்.

மறுநாள் காலை அவள் சாமான்களை இடம் மாற்றினோம். அவளுடைய லேப்டாப்பைத் தூக்கியபோதுதான் பார்த்தேன். பக்கவாட்டில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு அடாப்டர் செருகியிருந்தது. மாமனாரின் கம்ப்யூட்டரில் கேபிள் மாட்டும் இடம் உடைந்தபோது நானே வாங்கி மாட்டிக் கொடுத்தது. பட்டியலில் இருந்த நம்பர் அந்த அடாப்டருடையது. அதை யார் மாட்டிக்கொண்டு பேசினாலும் ஸ்விட்சுக்கு அவர்தான் மாமனார்!

படிக்குக் கீழே ஓடினேன். நாலு மணி டியூஷனுக்கு அவள் மாட்டுகிற கேபிள் ஆறாம் துளையில் இருந்தது. பின்னறைக் கேபிள் அநாதையாகத் தொங்கியது. எல்லாமே ஒரே நீல நிறம். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு, 'முதல்ல கேபிளைத் தொட்டுப் பாருங்கடா' என்று பாடம் எடுக்கிறவன் நான். மூன்று நாளாகப் பட்டியலையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"ஏமாத்திட்டியே! சாவி எங்கிட்டதானே இருந்துச்சு?"

"எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு. அப்பா பேரை அடிச்சாச்சுன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அதான், திரும்ப எழுத வெச்சேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அறை அறைதானே. "அதெல்லாம் சரி. ஏமாத்தி வாங்கின ரூம் செல்லாது. அது எனக்குத்தான்."

"தாராளமா எடுத்துக்கோங்க."

"ஆனா ஒண்ணு. நான் நாற்காலியில உட்கார்ந்தது உனக்கு எப்படித் தெரிஞ்சுது? பிரிண்ட் போட்டு அனுப்பினியே!"

அவள் கையிலிருந்த புத்தகங்களைக் கீழே வைத்தாள்.

"என்ன பிரிண்ட்?"

"நேத்து வந்துதே, அந்தத் தாள்."

"நான் லைட்டு மட்டும்தாங்க எரிய வெச்சேன். எங்க, அந்தத் தாளைக் காட்டுங்க?"

கிழித்ததை எங்கே காட்டுவது? திறந்திருந்த பின்னறைக்குள் சுழல்நாற்காலி கிறீச்சென்று கால் சுற்றுத் திரும்பி, எங்களைப் பார்த்து நின்றது. காற்றுதான். காற்றாகத்தான் இருக்கும்.

அவள் புளுகுகிறாள். என் கால்சட்டையில் ஒட்டிய தூசியைத் துவைக்கும்போது பார்த்திருப்பாள். அது எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும், அவள் மேசையைப் பின்னறைக்குத் தூக்கிப் போனபோது கனமான பக்கத்தை நான்தான் பிடித்துக்கொண்டேன்.