கதவைச் சுமந்த சாயக்காரர்

திருப்பூரில் கனவுக்கு மெட்டுப் போட்ட ஆள் ஒருவர்தான். எங்கள் வீதிச் சாயக்காரர். நூலுக்குச் சாயம் ஏற்றி ஏற்றி முழங்கை வரை நீலமாகிப்போன மனிதர். அவர் கும்பிட்டால் முருகனின் மயிலே கும்பிடுவது போலிருக்கும்.

அறுபதுகளில் ஒருநாள் சாயப்பொடி வாங்கக் கோவைக்குப் போனவர், யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒரு வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார். ஒருவன் ஒரு கதவைத் தலையில் சுமந்துகொண்டு அலைகிறான். வெட்டவெளியில் நிறுத்தித் தட்டுகிறான். யாரும் பதில் சொல்வதில்லை. மறுபடி சுமக்கிறான். கனவு மாதிரி அவ்வளவுதான் படம்.

"புரிஞ்சுதுங்களா?" என்றேன்.

"இல்லீங்க. புரிஞ்சிருந்தா வாயில சொல்லிருப்பேன். புரியாததைப் பாடித்தான் சொல்லோணும்."

அந்தப் படத்தை நாடகமாகப் போடப் பங்குனி உத்திரத்துக்குக் கோயில் மேடையைக் கேட்டார். வசனமே கிடையாது, முழுக்கப் பாட்டு. கோயில் தலைவர் தாடையைத் தடவினார். "சனம் பாதியில எந்திரிச்சுப் போச்சுன்னா, அப்புறம் நீங்க எந்த வருசமும் மேடை கேக்கக் கூடாதுங்க."

"சரிங்க."

நாடகத்துக்காகச் சொந்த வீட்டுக் கதவையே கழற்றினார். அவர் மனைவி வாசலில் பழைய சேலையைத் தொங்கவிட்டு, கேட்டவர்களிடமெல்லாம், "கதவு நடிக்கப் போயிருக்குதுங்க" என்றார்.

உத்திரத்தன்று கதவோடு மேடையை மூன்று சுற்று பாடிக்கொண்டே வந்தார். பின்வரிசையில் சிலர் துண்டை உதறி எழுந்தார்கள். மேடை கேட்கக் கூடப் போயிருந்த என்னைத் தலைவர் திரும்பிப் பார்த்தார். கந்தர் சஷ்டி கவசத்தை முணுமுணுத்தேன். சாயக்காரர் கதவை நிறுத்தினார். தட்டினார். "யாருமில்லையோ" என்று முகாரியில் உருகினார். கதைப்படி இங்கே உலகமே வாய் திறக்கக் கூடாது.

எங்கள் சனத்திடம் அது நடக்குமா? வாசலில் ஆள் நிற்க, சும்மா இருந்து எங்களுக்குப் பழக்கமில்லை. முன்வரிசை அம்மா ஒருவர், "வாங்க சாமி, உள்ள வாங்க" என்றார். "ஏனுங்க வெளியவே நிக்கறீங்க? வாங்க" என்றது இன்னொரு குரல். பிறகு கூட்டம் முழுக்க "வாங்க, வாங்க". எழுந்தவர்களும் உட்கார்ந்து கூப்பிட்டார்கள்.

சாயக்காரர் திகைத்து நின்றார். கண் கலங்கியது. கதவைத் தானே திறப்பதுபோல் விலக்கி இந்தப் பக்கம் வந்தார். "வந்துட்டேனுங்க" என்று அதே முகாரியில் நீட்டினார். ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

தலைவர் கண்ணைத் துடைத்தபடி, "அடுத்த வருசமும் கதவைக் கழட்டிருங்க" என்றார்.

சாயக்காரர் காலமாகி நாளாயிற்று. சிவன்மலைக்குப் போனால் குடும்பத்தார் பெயருக்கு அர்ச்சனை முடிந்ததும் அவருக்கும் ஒன்று செய்வேன். குருக்கள் நட்சத்திரம் கேட்பார். எனக்குத் தெரியாது. என்னுடையதையே சொல்லிவிடுவேன்.