பங்களா முன்னால் பச்சைப் புல்லு

"ஞாயித்துக்கிழமை ஆளுங்கள கூட்டிட்டு வாறேன். புல்லு மட்டும் பச்சையா இல்லாட்டி, அன்னைக்கே நீ சாமான கட்டிக்க!"

இதைச் சொல்லிவிட்டுக் கொழும்பிலிருந்து துஷாந்த் முதலாளி போனை வைத்தார். பங்களாக் காவல்காரர் ரபாயேல் போனைப் பார்த்தார், பிறகு புல்லைப் பார்த்தார்.

அதைப் புல் என்று சொல்வதற்கே நல்ல மனசு வேண்டும். விளக்குமாற்றுக் குச்சி நிறத்தில் கிடந்தது, மிதித்தால் நொறுங்கியது. கணவாய்க்கு அந்தப் பக்கம், மாத்தளையைப் பார்த்த சரிவில், மேகம் இறங்கித் தேயிலையை நனைத்துக்கொண்டே இருக்கும். இந்தப் பக்கம், லக்கலயைப் பார்த்த சரிவில், ஆடி ஆவணி முழுக்க வெறும் காற்று. துணி காயப்போட்டால் பள்ளத்தில் போய்த்தான் பொறுக்க வேண்டும். இப்படி ஒரு மலை உச்சியில் பங்களா கட்டி, நுவரெலியாப் புல்தரையும் வேண்டும் என்கிறார் மனுஷன். கேட்கிறவருக்கு என்ன, கொழும்பில் இருக்கிறார்.

"என்னவாம்?" என்று கேட்டாள் மனைவி சவரியம்மா.

"புல்லு பச்சையா இல்லாட்டி வீட்ட விடணுமாம்."

சவரியம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வீடு என்பது பங்களாவுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகள். வேலையோடு வந்தது, வேலையோடு போய்விடும். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்த ஒற்றை அறைக் காம்பராவை அவள் தம்பி ஜெராட்டுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வந்தவர்கள். அங்கே இப்போது ஜெராட்டின் பிள்ளைகளே ஒருவர் மேல் ஒருவர் படுக்கிறார்கள். திரும்பிப் போக இடமில்லை.

"அப்ப தண்ணிய ஊத்துங்க! பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க!"

ரபாயேல் டாங்கியைத் திறந்துவிட்டார். இருந்த தண்ணீர் அத்தனையும் புல்லுக்குப் போயிற்று. காற்று அதை மாலைக்குள் உறிஞ்சிவிட்டது. புல் பழையபடி கிடந்தது. தேத்தண்ணி வைக்கக்கூட ஒரு சொட்டு இல்லாமல், சவரியம்மா குடத்தோடு பள்ளத்தில் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்கு இறங்கி ஏறினாள். ஏறும்போதெல்லாம் கணவனைத் திட்டினாள். மூச்சு வாங்கும்போது மட்டும் நிறுத்தினாள்.

அடுத்து, வில்கமுவப் பக்கம் நெல் செய்கிற ஒரு சிநேகிதரிடமிருந்து பஸ்ஸில் யூரியா வந்தது. "கண்ண மூடிக்கிட்டு வீசு, கரும்பச்சையா வரும்" என்று அவர் போனில் சொன்னார். வயலில் தண்ணீர் நிற்கும் என்பதை அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டே வீசினார். வெயில் ஏறியதும், கை வீசிய இடமெல்லாம் புல் கருகிப் போயிற்று.

"கருப்பு வந்துருச்சு. பச்ச எப்ப வரும்?" என்றாள் சவரியம்மா.

"வாய மூடு. சாணி போட்டா சூடு தணியும்."

சாணி போட்டு, பீலித் தண்ணீரைத் தெளித்தார். ஈர மண்ணில் புழு கூடியது. புழுவைத் தேடிக் காட்டுப்பன்றி வந்தது. தனியாக வந்திருந்தால் பரவாயில்லை, குடும்பத்தோடு வந்தது. விடிந்து பார்த்தால் பங்களா முன்னால் புல்லும் இல்லை, கருகலும் இல்லை. உருளைக்கிழங்கு நடலாம்.

ரபாயேல் படியில் உட்கார்ந்து அழுதார். "இந்த வயசுல எங்கடி போவோம்?"

சவரியம்மாவுக்குத் திட்ட வாய் வரவில்லை. முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். "மாதா ஒரு வழி காட்டுவா" என்றாள்.

மாதா காட்டினாளோ வேறு யார் காட்டினார்களோ, மத்தியானம் ரபாயேல் மண்வெட்டியும் உரச்சாக்குமாகக் கணவாயைத் தாண்டினார். மேகம் நனைக்கிற அந்தச் சரிவில், மாடு மேயாத, பன்றி கிளறாத, பச்சைப் புல் உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான். கம்பி வேலி போட்ட தோட்டத்து வேதக்காரர் மயானம்.

உள்ளே போய்ச் சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்தவர் கல்லறையில் கை வைப்பது பாவம். ஆகவே மாமியாரிடமிருந்து ஆரம்பித்தார். உயிரோடு இருந்தவரை மருமகனுக்கு ஒன்றும் கொடுக்காதவள், இப்போது நல்ல தடிப்பான புல்லாகக் கொடுத்தாள். மண்ணோடு பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. அடுத்தது தகப்பனார், சித்தப்பா, ஞானத்தகப்பன். பாழாய்ப்போன பங்களா முன்வாசலுக்குச் சொந்தக்காரர்கள் போதவில்லை. ஒன்றுவிட்டவர்கள், கூட வேலை செய்தவர்கள், கடைசியில் முகம் தெரிந்தவர்கள் என்று போய்விட்டார். சாக்குச் சாக்காகச் சுமந்து, சனிக்கிழமை பின்னேரம் விரித்து முடித்தார். பச்சையென்றால் அப்படியொரு பச்சை.

சவரியம்மா குனிந்து பார்த்தாள். புல்லுக்குள் மெழுகுவர்த்தி உருகி ஒட்டியிருந்தது. இன்னும் குனிந்தாள்.

"இது எங்கம்மா புல்லு."

"சத்தம் போடாத."

"படுபாவி! எங்கம்மா மேல கிடந்தத உரிச்சிக்கிட்டு வந்துட்டியே!"

"உங்கம்மாவுக்கு இடம் இருக்கு சவரி. நமக்குத்தான் இல்ல."

சவரியம்மா அழுதுகொண்டே பீலிக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து, அம்மாவின் புல்லுக்கு முதலில் ஊற்றினாள்.

தோட்டத்தில் ஞாயிறு பூசை முடிந்தால் நேரே மயானத்துக்குப் போவதுதான் வழக்கம். ஜெராட்டும் போயிருந்தான். அங்கிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அக்கா! யாரோ மயானத்தையே மொட்டை அடிச்சிருக்கான்! லயமே தேயிலை வெட்டுற கவ்வாத்துக் கத்தியோட தேடுது!"

சொல்லும்போதே அவன் கண் முன்வாசலில் விழுந்தது. வாய் திறந்தபடி நின்றான்.

"தம்பி, இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்க" என்றாள் சவரியம்மா. "இந்த வீடு போச்சுன்னா, நாங்க உன் காம்பராவுக்குத்தான் வரணும்."

ஜெராட் தன் காம்பராவை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தான். பிறகு குனிந்து, அம்மாவின் புல்லிலிருந்த மெழுகை வேகவேகமாகப் பொறுக்க ஆரம்பித்தான்.

முதலாளியின் ஜீப் வந்தது. கூடவே ஒரு கனவானும் அவர் மனைவியும். அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு புல்லில் நடந்தார். அவர் வைத்த ஒவ்வொரு அடிக்கும் சவரியம்மா சிலுவை போட்டாள்.

"காத்துக் காலத்துலயும் இவ்வளவு பச்சையா! தண்ணிக்குக் கஷ்டம் இல்லையா?" என்று அந்த அம்மா கேட்டார்.

முதலாளி ரபாயேலை முறைத்தார்.

"கஷ்டமா? தோண்டுற இடமெல்லாம் தண்ணிதான் நோனா!" என்றார் ரபாயேல்.

முதலாளி முதல் தடவையாக அவர் தோளில் கை போட்டார். "சபாஷ் ரபாயேல்!" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களைப் பங்களாவுக்குள் கூட்டிப் போனார்.

ரபாயேல் பின்பக்கம் ஓடிப்போய் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பிச்சோம் சவரி! இனி நம்மள யாரும் அசைக்க முடியாது!" சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சவரியம்மா அடுப்பை மூட்டித் தேத்தண்ணி வைத்தாள்.

சற்று நேரத்தில் ஜீப் டிரைவர் ஹுஸ்னி வந்தான். கோப்பையை வாங்கிக்கொண்டு, அந்த இரண்டு அறைகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"இத்தன வருஷமா, தண்ணி இல்லாத காணின்னு யாருமே வாங்க மாட்டேன்னுட்டாங்க அண்ணே. இன்னைக்கு உங்க புல்லப் பார்த்ததும் அந்த நோனா உடனே பேசி முடிச்சிட்டாங்க. ஹோட்டல் கட்ட இந்த வீட்டத்தான் முதல்ல உடைக்கிறாங்களாம், எப்ப கிளம்புறீங்கன்னு முதலாளி கேட்டுட்டு வரச் சொன்னாரு."