அத்தையின் முட்டிக்காக ஒரு ஷவர்

பாசமுள்ள அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். கொஞ்சம் ஈரமாக இருக்கிறோம், அவ்வளவுதான். முட்டியில் தையல் பிரித்தாகிவிட்டது என்று கேட்டு நிம்மதியடைந்தோம். இதையெல்லாம் போனில் சொன்னால் நீங்கள் நடுவில் சிரிப்பீர்கள். நீங்கள் சிரித்தால் எனக்குப் பேச்சு நின்றுவிடும். அதனால்தான் கடிதம்.

போன மாதம் போனில், "குனிஞ்சு வாளியில மொண்டு குளிக்கக் கூடாதாம். உங்க வீட்டு ஷவர் ஒழுங்கா வந்தா ரெண்டு மாசம் அங்க வந்து இருப்பேன். இல்லேன்னா நர்ஸுங்க இருக்கிற விடுதியில போய்த் தனியாக் கிடக்கணும்" என்றீர்கள். உங்கள் குரல் 'தனியா' என்ற இடத்தில் கொஞ்சம் இறங்கியது. அப்பா உடனே, "அதுக்கென்னக்கா, நம்ம வீட்ல பட்டதாரி இருக்கா!" என்றார். நானும், "நான் பாத்துக்கறேன் அத்தை" என்றேன். நான் படித்தது புள்ளியியல். அதில் தண்ணீர் எங்கும் வராது. ஆனால் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள் 'தெரியாது' என்று சொல்லக் கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன்.

எங்கள் ஷவரில் நாற்பது ஓட்டை. தண்ணீர் வருவது இரண்டில். ஒன்று தோளில் விழும், இன்னொன்று சோப்பு டப்பாவில். நான் அதைக் கழற்றி, அம்மாவின் பால் பாத்திரத்தில் வினிகர் ஊற்றி, ஒரு பகல் முழுக்க ஊறப்போட்டுப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். நாற்பது ஓட்டையும் பளிச்சென்று திறந்துகொண்டன. முன்பு இரண்டில் வந்த தண்ணீரை இப்போது நாற்பதும் பங்கு போட்டுக்கொண்டதில், ஒரு சொட்டும் என்மேல் விழாமல் எல்லாம் சுவரோடு சுவராக வழிந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சுவர் நல்லாக் குளிச்சிடுச்சு. நீ எப்பக் குளிக்கப் போற?" என்றாள்.

பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். அளந்தேன். அப்பா கடையில் சட்டைக்கு அளவெடுக்கும் டேப்பை வாங்கி, மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குளியலறை வரை குழாயைத் தொட்டுத் தொட்டு அளந்து, ஒரு வாளி நிறையப் பதினொரு நிமிடம் ஆகிறது என்று ஐந்து நாள் காலையும் மாலையும் குறித்து, சராசரி போட்டு, நான்கு பக்கத்துக்கு அறிக்கை எழுதினேன். அப்பா அதைத் தையல் கடைக்கு எடுத்துப்போய், பட்டன் தைக்க வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். ஷவர் சரியாகவில்லை. ஆனால் அது எவ்வளவு மோசம் என்பது இப்போது தெருவுக்கே துல்லியமாகத் தெரியும்.

கடைசியில் பிளம்பர் வந்தார். அப்பா அறிக்கையை நீட்டினார். அதைப் புரட்டிய பிளம்பர் பயந்துபோய், "கேட் வால்வெல்லாம் பாத்தாச்சா மேடம்?" என்று கேட்டார். என்னை அதுவரை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. அதற்குமேல் கேட் வால்வு என்றால் எது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "ம்" என்றேன். அந்த ஒரு 'ம்'தான் அத்தை, எல்லாவற்றுக்கும் காரணம். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார்.

"அப்ப இரும்புக் குழாய்க்குள்ள துரு அடைச்சிருக்கும். பம்பு ஒண்ணு வச்சுத் தள்ளிப் பாப்போம்" என்றார் பிளம்பர். பம்பு ஓடியது. குழாய் முதலில் இருமியது, பிறகு உறுமியது, பிறகு பல வருடத் துருவை மொத்தமாக என் தலையில் கொட்டியது. நான் கண்ணைத் துடைப்பதற்குள் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல்: "ஏய் பட்டதாரி! ஷவர் இங்க வருதுடி!" அடுப்புக்கு மேலே இருந்த குழாய் ஜாயின்ட் பிய்த்துக்கொண்டிருந்தது. அம்மா கையில் கரண்டியோடு நனைந்து நின்றாள். உண்மையைச் சொன்னால், வேகம் பிரமாதம்.

பிளம்பர் ஜாயின்டை மாற்றிக்கொண்டிருந்தபோது, தரையைத் துடைத்தபடியே அப்பா மெதுவாகச் சொன்னார்: "இந்த ஜாயின்ட் முன்னயே ஒழுகிச்சும்மா. அப்ப தொட்டிக்குக் கீழ தண்ணிய நிறுத்துற அந்தக் கேட் வால்வை நான்தான் முக்கால்வாசி மூடித் துணி சுத்தி வச்சேன்."

"ஏம்ப்பா சொல்லல?"

"நீ நாலு பக்கம் எழுதியிருந்தியே. அதுல அது இல்ல. பிளம்பர் கேட்டப்பவும் பாத்தாச்சுன்னுட்ட. படிச்ச பொண்ணு சொல்றப்ப நான் என்னத்தச் சொல்றது?"

துருத் தண்ணீர் முகத்தில் வழிந்தது நல்லதாகப் போயிற்று அத்தை. நான் அழுதது யாருக்கும் தெரியவில்லை. "அந்த வால்வு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதுப்பா" என்றேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்து, "அடிப்பாவி!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா கரண்டியை எங்கள் இருவர் பக்கமும் மாறி மாறி நீட்டினாள்: "இவரு சொல்ல மாட்டாரு, இவ கேக்க மாட்டா. நடுவுல நனையறதுக்கு நான்!"

பம்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, நானும் அப்பாவும் மாடிக்குப் போய்த் துணியை அவிழ்த்தோம். வால்வு இறுகிப் போயிருந்தது. அப்பா காட்டிய பக்கம் நான் திருகினேன். இப்போது வாளி மூன்று நிமிடத்தில் நிறைகிறது. ஷவரில் நேராக நின்று, குனியாமல், முழுதாக நனையலாம். விடுதியை மறந்துவிட்டுப் புதன்கிழமையே வந்துவிடுங்கள். அப்பாவும் அம்மாவும் அன்பைச் சொல்லச் சொன்னார்கள். முட்டியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆசியை வேண்டும்
தம்பி மகள்

பி.கு.: உறையை ஒட்டும்போது அம்மா கேட்டாள்: "பாத்ரூம் வாசப்படி அவ்ளோ உசரமாச்சே, அந்த முட்டியோட உங்கத்தை எப்படிடி ஏறுவாங்க?" குழாய்கள் அடியில் போவதற்காக அந்தக் காலத்தில் தூக்கிக் கட்டிய படி. இத்தனை நாளும் எல்லோரும் யோசிக்காமலே ஏறி இறங்கியிருக்கிறோம். எனக்குத் தெரியவில்லை அத்தை. உங்களால் எவ்வளவு உயரம் ஏற முடியும்? உடனே எழுதுங்கள் என்று கேட்கத்தான் இருந்தேன். அதற்குள் அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் படியை உடைக்கச் சுத்தியலோடு உள்ளே போய்விட்டார். சத்தம் கேட்கிறது. இந்தப் புதன் வேண்டாம், அடுத்த புதன் வாருங்கள்.